குளுக்கோஸ் பாட்டிலும் இருபது கிராம் பொட்டலமும்

காலையில் ஏர் ஓட்டப் போனவர் பொழுது சாய்வதற்குள் பாடையில் ஏறிய கதை, கணியம்பாடிப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் கிடைக்கும். வாந்திபேதி. டாக்டர்கள் காலரா என்றதை ஊர் அந்தப் பெயரில்தான் அறிந்திருந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் எல்லையில் வேப்பிலை கட்டுவதும்தான் அன்றைய முன்னெச்சரிக்கை. நோயாளி சாவது கிருமியால் என்றால் அது பாதி உண்மைதான். கிருமியின் நஞ்சு பட்டதும் குடல் நீரை உள்ளே இழுப்பதை விட்டுவிட்டு வெளியே கொட்டத் தொடங்கும். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகிற அதனோடு சோடியமும் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே போகும். கடுமையான காலராவில் வளர்ந்த ஆள் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். கண் குழிந்து, நாடி மறைந்து, சிறுநீர் நின்று, ஆள் போய்விடுவார். இழந்த நீரையும் தாது உப்புகளையும் அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார். இவ்வளவுதான் சூட்சுமம். இதை எல்லாருக்கும் எட்டும் வைத்தியமாக்க மருத்துவத்துக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. மக்களை நம்பவைக்கும் வேலையோ இன்னும் முடியவில்லை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் பாகாயமும் அடுக்கம்பாறையும் தாண்டினால் கணியம்பாடி. ஒரு பக்கம் ஜவ்வாது மலையின் அடிவாரம், அமிர்தி காடு, மழை பெய்தால் மட்டும் ஓடுகிற நாகநதி. காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு சின்ன நிலையம். பார்த்தால் தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான ஒன்றியத் தலைநகர்களில் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் உலகத்துப் பொது மருத்துவ ஆய்வேடுகளில் இந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வரும். எண்பதுக்கு மேற்பட்ட கிராமங்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் உள்ள இந்த ஒன்றியத்தில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய் எழுதிவைத்திருக்கிறது. பாகாயத்தில் உள்ள அந்தத் துறையின் ஆஸ்பத்திரியை இங்கே எல்லாரும் 'சாட்' என்பார்கள். காட்பாடியிலிருந்து வரும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் கடைசி நிறுத்தம் பாகாயம்.

அந்தக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மாட்டு வண்டியிலும் பிறகு காரிலும் போய்ச் சாலையோர மரத்தடியில் மருந்து கொடுத்தவர். நோயாளி வருவதற்காகக் காத்திருக்காமல் தேடிப் போகும் வழக்கம் அப்போது வந்தது. அந்த வண்டியில் வயிற்றுப்போக்குக்கு என்ன இருந்திருக்க முடியும்? பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்தக் குழாய் வழியாக உப்பு நீர் ஏற்றலாம் என்பது 1832லேயே தெரிந்துவிட்டது. காலரா நோயாளிகளின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருப்பதை ஓ'ஷானசி என்ற இளம் டாக்டர் காட்ட, ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா அதைச் செய்தே பார்த்தார். (இந்த ஓ'ஷானசிதான் பிறகு இந்தியாவுக்கு வந்து தந்திக் கம்பி போட்டவர். மருத்துவத்தை விட்டுவிட்டுப் போனது யாருக்கு நஷ்டமோ!) 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அடர்த்தி கூடிய உப்பு நீரை ஏற்றிக் காலரா சாவைப் பெருமளவு குறைத்தார். ஆனால் அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், சுத்தமான திரவம் வேண்டும், ஊசி குத்தத் தெரிந்த கை வேண்டும். மலையடிவாரத்துக் குடிசைக்கு அது கல்கத்தா தூரம்தான்.

குடிசையில் என்ன நடந்தது? குழந்தைக்குப் பேதியானால் முதலில் "பல்லு மொளைக்குது, அதான்" என்பார்கள். இரண்டாம் நாள் தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிப் போவார்கள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அவர் ஊதி எடுத்துக் காட்டுவார். அதைவிடக் கொடுமை, "தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்" என்ற அறிவுரை. கண்ணால் பார்க்கிறவருக்கு அது நியாயமாகத்தான் படும். உள்ளே ஊற்றியது உடனே வெளியே வருகிறதே. நாக்கு வறண்டு, உச்சிக்குழி பள்ளம் விழுந்து, அழுதால் கண்ணீர் வராத குழந்தையிடமிருந்து டம்ளரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. அவர்களுக்குச் சொல்லப்பட்டது அப்படி. அதே வீட்டில் கிழவி ஒருத்தி, உப்புப் போட்ட வடிகஞ்சியைச் சங்கில் ஊற்றிப் புகட்டவும் செய்தாள். மருத்துவம் பின்னால் வந்து கண்டுபிடித்ததில் பாதி அந்தச் சங்கில் இருந்தது. அளவும் நேரமும் மட்டும் இல்லை.

1960 முதல் 1962 வரை அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் வேறொரு வயிற்றுப்போக்கு பரவியது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்து ஆளை உருக்கும் டிராப்பிகல் ஸ்புரூ. குடல் சத்தை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். வாய் வெந்து, கால் வீங்கி, ரத்தம் வற்றி, உப்புகள் கரைந்து போகும். ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு வந்ததாக மதிப்பிட்டார்கள், இறந்தவர்கள் பல்லாயிரம். வேலூரில் வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கரும் அவரோடு வி.ஐ. மத்தனும் ஊர் ஊராகப் போய் இதைப் பின்தொடர்ந்து எழுதினார்கள். குடல் நோய் ஆராய்ச்சியில் வேலூருக்கு ஒரு பெயர் நிலைத்ததற்கு இந்தத் துயரமும் ஒரு காரணம்.

அதே 1960இல் பிராக் நகரத்துக் கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் ஒரு யோசனையை முன்வைத்தார்: குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தேதான் உள்ளே போகின்றன. காலரா நஞ்சு குடலின் மற்ற வழிகளைக் குழப்பினாலும் இந்த ஒரு வாசலை அடைப்பதில்லை. சர்க்கரை துணைக்கு வந்தால் உப்பு உள்ளே போகும், உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். வெறும் தண்ணீர் பலன் தராததற்கும் வெறும் உப்புத் தண்ணீர் பலன் தராததற்கும் காரணம் இதுதான். 1968இல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் குடிக்கிற கரைசலாலேயே காலரா நோயாளிகளின் நீரிழப்பை ஈடுசெய்து காட்டினார்கள். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலிப் மகாலனாபிஸ் டிரம்மில் உப்பு, சர்க்கரை, சோடா உப்புக் கரைசலைக் கலக்கி, உறவினர்கள் கையாலேயே டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு 3.6ஆக இறங்கியது. நர்ஸ் இல்லாத இடத்தில் தாயும் அண்ணனும் நர்ஸ் ஆனார்கள். என் கணக்கில் இதில் பெரிய கண்டுபிடிப்பு கரைசல்கூட அல்ல, இந்த நம்பிக்கைதான். மகாலனாபிஸ் 2022இல் காலமானார்; பத்ம விபூஷண் அதன் பிறகு, 2023இல் வந்தது. நம் நாட்டு வழக்கம் தெரிந்ததுதானே.

பன்காவில் தேவைக்காகச் செய்ததைக் கணியம்பாடி திட்டமாகவே வைத்திருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் பகுதி நேரச் சுகாதாரப் பணியாளர். அவருக்கு மேலே பல ஊர்களைப் பார்க்கும் உதவியாளர், அதற்கு மேல் நர்ஸ், அதற்கு மேல் டாக்டர். வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓடி வருவது அந்த ஊர்க்காரப் பெண். தோலைக் கிள்ளிப் பார்ப்பது, நாக்கைப் பார்ப்பது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்பது, உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கலக்கிக் காட்டுவது, இதற்கெல்லாம் பட்டம் தேவைப்படவில்லை. டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டில் வேறு செய்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் எதிர்த்துக் கேள்வி கேட்டுவிட்டுச் செய்வார்கள். இரண்டாவதுதான் நல்லது. இந்தப் பணியாளர்கள் சேர்த்த தகவல்கள் 1980களில், நம் ஊர் வங்கிகளிலேயே கணினி புதுசாக இருந்த காலத்தில், கணினிக்குள் போய்விட்டன.

1992 அக்டோபரில் சென்னையில் ஒரு புதிய காலராக் கிருமி தலைகாட்டியது. பின்னர் ஓ139 என்று எண்ணிட்டார்கள். வேலூரிலும் அது பழைய வகையைத் தள்ளிவிட்டு இடம் பிடித்ததை மேரி ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும் 1993இல் லான்செட்டில் எழுதினார்கள். முதலில் பார்த்தது சென்னையில், கிருமிக்குக் கிடைத்த பெயரோ 'பெங்கால்'. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்தியது. கிருமி உருமாறியும் வைத்தியம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே உப்பு-சர்க்கரைப் பொட்டலம், அதே ஒரு லிட்டர் தண்ணீர்.

பொட்டலத்துக்குள் இருப்பது மட்டும் கொஞ்சம் மாறியது. அந்த மாற்றத்தில் வேலூருக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய கரைசல் உயிரைக் காப்பாற்றியது, ஆனால் பேதியை நிறுத்தவில்லை. "குடுத்தும் நிக்கலையே" என்று தாய்மார்கள் குறைப்பட்டதற்கு நியாயம் இருந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணா, 48 காலரா நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல், அடுத்ததற்கு அரிசி மாவு சேர்த்தது, மூன்றாவதற்குச் சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவு லிட்டருக்கு 50 கிராம் சேர்த்தது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்கே உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் சோடியத்தை உள்ளிழுக்க வைக்கும் என்பது கணக்கு. வழக்கமான கரைசலில் சுமார் 91 மணி நேரம் நீடித்த பேதி, இதில் சுமார் 57 மணியில் நின்றது. 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் அதை வெளியிட்டது. ஆறிய சோற்றிலும் இந்த வகை மாவுச்சத்து சற்றுக் கூடும்தான். அதற்காகப் பழைய சோறு காலராவுக்கு மருந்து என்று வாட்ஸப்பில் யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

மாவு சேர்த்த கரைசல் கடைக்கு வந்து சேரவில்லை. ஆனால் 2002இல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் அடர்த்தியையே குறைத்தது. சோடியம் 90 அலகிலிருந்து 75, குளுக்கோஸ் 111லிருந்து 75, மொத்த அடர்த்தி 311லிருந்து 245. வாந்தியும் பேதியும் குறைந்தன, டிரிப்ஸ் போட வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் நம் கையில் உள்ளது இந்தப் பொட்டலம்தான்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. கூட்டினால் இருபதரை கிராம். 2004இலிருந்து இதனோடு துத்தநாக மாத்திரையும் சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் பதினான்கு நாள் முடியும்வரை.

இன்றைய கணியம்பாடிக்கு வருவோம். அதே சாலையில் அடுக்கம்பாறையில் 2005இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2008இலிருந்து 108 வண்டி வருகிறது. குழாயில் தண்ணீர், வீட்டில் கழிப்பறை. குழந்தைகளின் பேதிக்குப் பெரிய காரணமான ரோட்டா வைரஸுக்கு இந்தியாவிலேயே செய்த தடுப்பு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூரில் அதை முன்னின்று நடத்தியவர் ககன்தீப் காங். கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குச் சற்று மேல் குறைத்த அந்தத் தடுப்பு மருந்து 2016இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது, மறு ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. பேதியில் குழந்தை செத்த வீடு என்று ஒரு வீட்டைச் சுட்டிக்காட்ட இன்று தேட வேண்டும். இது சின்ன விஷயமல்ல.

மாறாதது ஒன்று இருக்கிறது. டிரிப்ஸ் மேல் உள்ள பக்தி. "ஒரு பாட்டில் ஏத்துனாத்தான் தெம்பு" என்ற நம்பிக்கையை எந்தப் பொட்டலமும் அசைக்கவில்லை. நாம் 'குளுக்கோஸ்' என்று கேட்டு ஏற்றிக்கொள்ளும் அரை லிட்டர் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன். சோடியம் துளியும் இல்லை. பேதியில் உப்பை இழந்தவருக்கு அது மட்டும் ஏற்றுவது வைத்தியமே அல்ல. நாடி விழுந்த நோயாளிக்கு வேண்டியது ரிங்கர் லாக்டேட்டோ நார்மல் சலைனோதான், அதுவும் வேகமாக. இந்தப் பக்திக்கு நோயாளியை மட்டும் குறை சொல்ல முடியாது. கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஓ.ஆர்.எஸ். எழுதாமல் விடுவதற்கு முதல் காரணம், 'நோயாளிக்கு இது பிடிக்காது' என்று மருத்துவரே நினைத்துக்கொள்வது. நோயாளிகளில் பலருக்கு அது பிடித்தே இருந்தது. இவர் அவருக்காகவும் அவர் இவருக்காகவும் பாட்டில் ஏற்றிக்கொள்ளும் வேடிக்கை. நாடு முழுவதும் பேதியான குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தவர்கள் 2005-06இல் நூற்றுக்கு 26 பேர், 2019-21இல் 60 பேர். பொட்டலத்தின் விலைக்கும் வயதுக்கும் இந்த 60 குறைவு என்றுதான் சொல்வேன்.

இன்னொரு மாற்றம், அன்று யாரும் எதிர்பாராதது. உப்புக் குறையும் ஆள் மாறிவிட்டார். அன்று கைக்குழந்தை, இன்று பெரும்பாலும் தாத்தாவும் பாட்டியும். "அம்மாவுக்குச் சோடியம் கொறஞ்சிடுச்சாம், ஐ.சி.யூ.வுல வெச்சிருக்காங்க" என்ற பேச்சை இன்று எந்தத் திருமண வீட்டிலும் கேட்கலாம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் தண்ணீர் மாத்திரை, "உப்பைக் குறை" என்ற அறிவுரையை முழுப் பட்டினியாக எடுத்துக்கொள்வது, வலிப்பு, மன நோய் மாத்திரைகள் சில, நுரையீரல் நோய் எனக் காரணங்கள் பல. இயல்பில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 115க்கு இறங்கினால் தாத்தா பேரனின் பெயரை மாற்றிச் சொல்வார், நடை தள்ளாடும், வலிப்புகூட வரும். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இங்கே வைத்தியத்தின் விதியே தலைகீழ். காலராவில் தாமதித்தால் சாவு. நாள்பட்டுக் குறைந்த சோடியத்தில் அவசரப்பட்டால் ஆபத்து. ஒரு நாளில் எட்டு முதல் பத்து அலகுக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்து, பேச்சும் கைகாலும் போய்விடலாம். சிலருக்கு உப்பே கொடுக்கக் கூடாது, தண்ணீரைக் குறைத்தாலே போதும். ஆகவே தாத்தாவுக்கு மயக்கம் என்றதும் ஒரு பிடி உப்பைக் கரைத்து ஊற்றுவது சரியல்ல. ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முன்பு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் தீச்சுடர்க் கருவியில் வைத்துப் பார்த்த சோடியம், பொட்டாசியம் அளவை இன்று தாலுக்கா அளவிலேயே சில நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். இளநீரையும் யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வெயிலுக்கு நல்லது, பேதிக்குப் போதாது, சிறுநீரகம் பழுதானவருக்கு இதயத்தையே நிறுத்தக்கூடியது. ஆஸ்பத்திரி வாசலில் இளநீரோடு வரும் உறவினரை இந்த ஒரு விஷயத்திலாவது நர்ஸம்மா திட்டுவது நியாயம்.

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். 2024 கோடையில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை பஸ் நிலையம் போன்ற இடங்களில் ஓ.ஆர்.எஸ். வைத்துக் கொடுத்தது. நூறு நாள் வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்களுக்கு அது அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே கிடைக்க வேண்டும். மலை மேல் உள்ள ஊர்களில் ரோடு இல்லாமல் டோலி கட்டித் தூக்கி வரும் இடங்கள் இன்னும் உண்டு. அங்கே பொட்டலம் வீட்டில் இல்லையென்றால் மேலே சொன்ன முன்னேற்றம் எதுவும் அவர்களுக்கு இல்லை.

கடைசியாகக் கடைத்தெரு. பல ஆண்டுகளாக 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பழ வாசனையோடு இனிப்புப் பானங்கள் மருந்துக் கடையிலேயே விற்றன. சர்க்கரை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைவிடப் பல மடங்கு. அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடியதன் விளைவாக, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்த எழுத்தைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

எனவே வீட்டில் நாலு பொட்டலம் வாங்கி வையுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே தருவார்கள். பொட்டலத்தின் பின்புறம் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். முழுப் பொட்டலத்தையும் அதில் சொன்ன அளவு தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், ஒரே தடவையில் கரையுங்கள். பாதி பாதியாகப் பிரித்தால் அளவு கெடும். பொட்டலமே இல்லாத நேரத்தில் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு இதற்கு மேல் போகக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ 108க்குப் போன் செய்யுங்கள். மருந்துக் கடைக்காரர் பொட்டலத்துக்குப் பதில் பழப் படம் போட்ட டப்பாவை நீட்டினால், வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.